ஒரே அட்டை, இரண்டு வீடு

அத்தியாயம் 9

வீட்டைப் பிரித்துக்கொண்டபோது அவர்கள் இருவரும் சண்டை போடவில்லை. கட்டில் அவளுக்கு, வாஷிங் மெஷின் அவனுக்கு. குக்கரில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று இருந்ததால் அதிலும் வழக்கு வரவில்லை. துணி அலமாரியை மட்டும் இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். அது பழைய வீட்டில் அடுத்துக் குடிவந்தவர்களுக்குப் போயிற்று.

பிரிக்க முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று. ஏரிப் படகு கிளப்பின் குடும்ப அட்டை.

ஆளுக்கொரு தனி அட்டை எடுப்பதைவிடக் குடும்ப அட்டை மலிவு. வார நாளில் ஒரு மணி நேரம் வாடகையே கிடையாது. சனி, ஞாயிறில் பாதி வாடகை. பெட்ரோல் மட்டும் நம் கையில். வருஷ நடுவில் ரத்து செய்தால் கட்டின சந்தாவில் ஒரு காசு திரும்பாது.

"வருஷம் முடியற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்," என்று போனில் அவன் சொன்னான். "சரி," என்று அவளும் சொன்னாள். சனிக்கிழமை அவனுக்கு, செவ்வாய்க்கிழமை அவளுக்கு என்று பேசிவைக்காமலே ஆகிவிட்டது. ஒருவரை ஒருவர் பார்க்கவேண்டிய அவசியம் வரவில்லை.

அட்டையின் வருஷம் முடிகிற நாள், இந்தச் செவ்வாய்க்கிழமை.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முன்னால் நின்று ஃபிரேம் விற்கிற வேலை இல்லை. பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைக்கிற வேலை. கடையில் அவளுக்குப் பெயரே 'பவர்' என்று ஆகிவிட்டது. முதலாளியம்மா கூட அப்படித்தான் கூப்பிடுவாள். அவனுக்கு ஏசி மெக்கானிக் வேலை. வெயில் காலத்தில் சாப்பிட நேரம் இருக்காது, மழைக் காலத்தில் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

எதற்காகப் பிரிந்தார்கள் என்பது வாராவாரம் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்காகச் சொல்லிவிடலாம்.

அவள் வயிற்றில் ஒரு கட்டி. ஆபரேஷனுக்கு ஒரு சனிக்கிழமை நாள் குறித்தார்கள். அன்று காலை ஆஸ்பத்திரியில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "இதோ வந்துடறேன்," என்று கீழே போனவன் வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது. மயக்கம் தெளிந்து அவள் தன் போனை எடுத்துப் பார்த்தபோது கிளப்பிலிருந்து ஒரு குறுஞ்செய்தி இருந்தது. அட்டை அவள் நம்பரில்தான் பதிவாகியிருந்தது.

'உங்கள் படகுப் பயணம் இனிதே நிறைவுற்றது. உறுப்பினர் என்பதால் இன்று நீங்கள் மூன்று மணி நேர வாடகையில் பாதியை மிச்சப்படுத்தியுள்ளீர்கள்.'

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டாள். "ஆமா, போயிருந்தேன்," என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் அவள் வேறு வீடு தேடினாள்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தத் தண்ணீரில் என்று பார்க்கப் போனவள், படகு ஓட்டவும் கற்றுக்கொண்டுவிட்டாள். அது அவனுக்குத் தெரியாது.

முந்தாநாள் அவனுடைய அப்பா சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸிலிருந்து இறங்கி மகன் வீட்டுக் கதவைத் தட்டியதும், "மருமக எங்கடா?" என்று கேட்டதும், "கடையில பயிற்சிக்கு வெளியூர் அனுப்பியிருக்காங்க," என்று அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்ததும், அவளுக்குத் தெரியாது.

---

படகுத்துறையில் அன்று கூட்டம் இல்லை. ஒரு புதுமணத் தம்பதி பெடல் படகுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது. கவுண்டரில் இருந்த கிளார்க், முழுக் கை சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டு அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு வாடகை இவ்வளவு. இதே காசுக்கு இன்னும் கொஞ்சம் மேல போட்டா மூணு மாச அட்டை. நாலு தடவை வந்தீங்கன்னா போட்டது வந்துடும். அஞ்சாவது தடவையிலிருந்து லாபம்."

'லாபம்' என்று முடிக்காமல் அவனுக்கு ஒரு பேச்சும் முடியாது. அதனால் துறையில் அவனுக்கு அதுவே பெயர்.

அவளைப் பார்த்ததும் லாபம் சாவிப் பலகையிலிருந்து வழக்கமான சாவியை எடுத்தான். "மேடம், இன்னைக்குக் கடைசி நாள், ஞாபகம் இருக்கா? இன்னைக்கே புதுப்பிச்சா பழைய விலை. நாளைக்கு வந்தா புது விலை."

"திரும்பி வந்து பேசறேன்," என்றாள். என்ன பேச வேண்டும் என்று அவள் வீட்டிலேயே முடிவு செய்து வைத்திருந்தாள். தனி அட்டை. கொஞ்சம் விலை கூடத்தான். போகட்டும்.

லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அட, பயிற்சி முடிஞ்சுதாம்மா?"

மாமனார். ரிட்டயர்டு பஸ் டிரைவர். தூரத்தில் ஆளைப் பார்த்தால் கண்ணைச் சுருக்குவதும், நடக்கும்போது வலது காலைச் சற்று அழுத்தி வைப்பதும் இன்னும் போகவில்லை. அவர் பக்கத்தில் கணவன். அவன் முகத்தைப் பார்த்தால், கரண்ட் போன வீட்டில் ஏசியைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்பவன் மாதிரி இருந்தது.

"என்ன பயிற்சி மாமா?" என்று கேட்க வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இன்னைக்குக் கடை லீவு மாமா," என்றாள். அது பொய் இல்லை. "நீங்க எப்ப வந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை. இவன் இன்னைக்கு வேலை இல்லைன்னு சொன்னான். சரி, படகு படகுன்னு சொல்லுவானே, அதையாவது பாப்போம்னு கூட்டிட்டு வரச் சொன்னேன்."

கணவன் கவுண்டரைப் பார்த்துச் சொன்னான். "அவங்க போகட்டும். நாங்க இன்னொரு படகு எடுத்துக்கறோம்."

லாபம் தலையை ஆட்டினான். "ஒரு அட்டைக்கு ஒரு நாளைக்கு ஒரு படகுதான் சார். ரெண்டாவதுக்கு முழு வாடகை ஆகும். எதுக்கு வீண் செலவு? ஒரே குடும்பம், ஒரே படகுல போங்க." அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மாமனார் பக்கம் திரும்பினான். "பெரியவரே, உங்க பிள்ளையும் மருமகளும்தான் எங்க கிளப்புலயே கெட்டி. சார் சனிக்கிழமை, மேடம் செவ்வாய்க்கிழமை. ஒரு வாரம் விட்டதில்லை. மத்த மெம்பருங்களுக்கு இவங்களைத்தான் உதாரணம் சொல்றேன். ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து வந்து பாத்து எட்டு மாசம் இருக்கும்."

பெடல் படகுத் தம்பதி மூன்று மாத அட்டைக்கு ஒத்துக்கொண்டது.

மாமனார் மகனையும் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. "ஒரு படகுல எத்தனை பேர் உக்காரலாம்?" என்று லாபத்திடம் கேட்டார்.

"நாலு பேர்."

"நாங்க மூணு பேர்தான். எனக்கும் அந்தச் சட்டை ஒண்ணு குடுங்க."

---

படகில் ஏறியதும் இரண்டு பேரும் ஸ்டீரிங் இருக்கைக்குப் போனார்கள். ஒரு கணம் அங்கே இரண்டு பேர் நின்றார்கள். உட்கார இடம் ஒருவருக்குத்தான்.

"யாரு டிரைவர்?" என்றார் மாமனார், பின் இருக்கையிலிருந்து.

"நான்தான் மாமா," என்றாள்.

கணவன் அவளைப் பார்த்தான். "நீயா?"

"சாவி என்கிட்டதான இருக்கு. ஓட்டிக் காட்டிப் பாஸ் ஆகாம சாவி குடுக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். அந்த இருக்கையில் அவன் உட்கார்ந்ததே இல்லை. கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருமுறை நீட்டி, மறுபடி மடக்கிக்கொண்டான்.

அவள் கயிற்றை அவிழ்த்து, மோட்டாரைக் கிளப்பி, துறையை விட்டு மெதுவாகப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினாள். மிதவைகளைத் தாண்டும் வரை வேகம் கூடாது என்பது விதி. அதைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கொடுத்தாள். படகின் மூக்கு எழும்பிப் படிந்தது.

மாமனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தார். "கிளட்ச் இல்லையா?"

"இல்லை மாமா."

"பிரேக்?"

"அதுவும் கிடையாது. நிறுத்தணும்னா முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கணும்."

"பிரேக் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் குடுத்திருக்கானுங்க," என்று பின்னால் சாய்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் அவள் ஓட்டுவதையே கவனித்துக்கொண்டிருந்தார். "ஆனா நல்லா ஓட்டறே. திருப்பத்துல அவசரப்படலை."

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் வாயிலிருந்து அது சுலபத்தில் வருகிற வார்த்தை இல்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார்.

"எப்போலேர்ந்து தனித்தனியா இருக்கீங்க?"

அவள் வேகத்தைக் குறைத்தாள். கணவன் தண்ணீரைப் பார்த்தான்.

"உங்க ரெண்டு பேரையும்தான் கேக்கறேன். நான் கோபமா கேக்கலை. தெரியாமத்தான் கேக்கறேன்."

"எட்டு மாசமாப்பா," என்றான் கணவன்.

"எதுக்கு?"

இத்தனை நாளும் யார் கேட்டாலும் சொல்லிவிட வேண்டும் என்று அந்தக் கதையை வார்த்தை வார்த்தையாக வைத்திருந்தவள் அவள். கேட்க வேண்டியவரே கேட்டபோது, சொல்லத் தோன்றவில்லை. அவனே சொல்லட்டும் என்று இருந்தாள். சொல்ல மாட்டான் என்றும் நினைத்தாள்.

சொன்னான்.

"இவளுக்கு ஆபரேஷன் நடந்ததுப்பா. அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில இல்லை. போனை அணைச்சு வச்சிட்டு இங்க வந்து படகுல சுத்திக்கிட்டிருந்தேன். மூணு மணி நேரம்."

மாமனார் அடுத்துப் பேசியது மகனிடம் இல்லை.

"ஆஸ்பத்திரியில உன்கூட யாரும்மா இருந்தா?"

"கடை முதலாளியம்மா வந்தாங்க மாமா."

"கையெழுத்து யாரு போட்டது?"

"நானேதான் போட்டேன்."

"என்கிட்ட ஒரு போன் பண்ணியிருந்தா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்திருப்பேனேம்மா." அவர் குரல் உயரவில்லை. "எனக்கு ஆபரேஷன் நடந்ததும் தெரியாது, வீடு ரெண்டானதும் தெரியாது. நான் என்ன வழிப்போக்கனா?"

ஆபரேஷன் விஷயம் அவன் சொல்லியிருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் சொல்லியிருப்பாள் என்று அவன் நினைத்திருப்பான். இடையில் மனிதர் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஞாயிறுதோறும் போன் செய்து "ரெண்டு பேரும் சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சௌக்கியம் என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்போதுதான் மோட்டார் இருமியது. இரண்டு முறை இழுத்துப் பார்த்து நின்றுவிட்டது.

பேச்சில் கவனம் போய், ஏரியின் கொடி படர்ந்த ஓரத்துக்கு அவள் படகைக் கொண்டுவந்துவிட்டிருந்தாள். மோட்டாரின் விசிறியில் கொடி சுற்றிக்கொண்டிருக்கும். அவள் தனியாக வந்த நாட்களில் இந்தப் பக்கமே வந்ததில்லை.

"நான் பாக்கறேன்," என்று கணவன் பின்னால் போனான். மோட்டாரைச் சாய்த்துத் தூக்கினான். பச்சைக் கொடி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. எட்டி இழுக்க வேண்டுமென்றால் பாதி உடம்பு வெளியே போக வேண்டும்.

"விழுந்து வைக்கப் போறான். பிடிம்மா அவனை," என்றார் மாமனார். அவர் படகின் இன்னொரு பக்கத்தில் எடைக்கு எடையாக நகர்ந்து உட்கார்ந்தார்.

அவள் போய் அவன் லைஃப் ஜாக்கெட்டின் முதுகுப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக அவ்வளவு பக்கத்தில் நிற்கிறாள். அவன் சட்டைக் காலரின் பின்பக்கம் நைந்திருந்தது. புதிதாக ஒன்று வாங்கத் தெரியாது அவனுக்கு.

அவன் கொடியைப் பிய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னான். "அன்னைக்கு டாக்டர் என்னை மட்டும் தனியா கூப்பிட்டார்."

"எதுக்கு?"

"கட்டி எப்படிப்பட்டதுன்னு எடுத்த பிறகுதான் தெரியும், எதுக்கும் தயாரா இருங்கன்னார். கீழே இறங்கினேன். மறுபடி மேல ஏற முடியலை. பைக்கை எடுத்தது ஞாபகம் இருக்கு. இங்க எப்படி வந்தேன்னு ஞாபகம் இல்லை."

அவள் பட்டையை இறுக்கிப் பிடித்தாள். "இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ பயப்படுவேன்னு நினைச்சேன்."

"நான் பயப்படலைன்னு உனக்கு யார் சொன்னா? அங்க தனியாப் படுத்துக்கிட்டு நான் என்ன பாட்டா கேட்டுக்கிட்டிருந்தேன்?"

மாமனார் முன்னால் இருக்கும்போது கணவனை 'நீங்க' என்றுதான் பேசுவாள். அது போய்விட்டது. பெரியவர் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. தூரத்தில் போகிற பெடல் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ரிப்போர்ட் வந்ததே. ஒண்ணும் இல்லைன்னு வந்தது. அதையாவது என்னைக் கேட்டியா நீ?"

"கேட்டேன்."

"யாரை?"

"உன் முதலாளியம்மாவை. அவங்க வீட்டு ஏசி சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் கேப்பேன். போன மாசம் செக்கப் போய்ட்டு வந்தியே, அதுவும் தெரியும்."

முதலாளியம்மா வீட்டு ஏசி அடிக்கடி ரிப்பேர் ஆவதைப் பற்றிக் கடையில் அவளே சிரித்திருக்கிறாள்.

அவன் சொன்னதில் அவள் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதுவரை அந்தக் கோபத்துக்கு ஒரே முகம்தான் இருந்தது: அவன் ஜாலியாகப் படகு ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது அது போய், பயந்துபோன ஒருத்தன் அங்கே நிற்கிறான். பயந்தவன் மேலும் கோபப்படலாம். ஆனால் அது வேறு கோபம். அவளுக்கு இன்னும் பழகவில்லை.

கடைசிக் கொடியையும் பிய்த்து எறிந்துவிட்டு அவன் உள்ளே வந்தான். கை இரண்டும் பச்சை. "இப்ப கிளப்பு," என்றான்.

அவள் போய்ச் சாவியைத் திருப்பியதும் மோட்டார் பிடித்துக்கொண்டது.

"மணி நேரம் தாண்டினா அடுத்த மணிக்கு முழு வாடகையாமே?" என்றார் மாமனார். "அந்தப் பையன் சொன்னான். மிதிம்மா."

"மிதிக்கறதுக்கு இதுல எதுவும் இல்லை மாமா," என்று சொல்லிக்கொண்டே அவள் வேகத்தைக் கூட்டினாள்.

---

கவுண்டரில் லாபம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பெருமையாகத் தலையாட்டினான். அவன் கைக்காசைக் காப்பாற்றிக் கொடுத்த மாதிரி அவனுக்கு ஒரு திருப்தி.

"குடும்ப அட்டையே போட்டுடவா மேடம்? போன வருஷமும் வந்ததால உங்களுக்குக் கழிவு வேற உண்டு."

அவள் வாயெடுப்பதற்குள் கணவன் சொன்னான். "வேணாம். தனித்தனியா போட்டுடுங்க."

அவள் சொல்லவேண்டும் என்று வைத்திருந்த அதே வார்த்தை. அவன் சொன்னபோது சுருக்கென்றது.

"ஏன்?" என்றாள்.

"மலிவா இருக்குங்கறதுக்காக நீ என்கூட ஒரே அட்டையில இருக்க வேணாம்," என்றான். சண்டைக்குச் சொல்லவில்லை. கழற்றின பாகத்தைக் கீழே வைக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

லாபத்துக்கு இது எதுவும் பிடிபடவில்லை. "தனித்தனின்னா நஷ்டம் சார்," என்றான், உள்ளபடியே வருத்தமாக.

மாமனார் கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றினார். "தம்பி, குடும்ப அட்டைன்னா புருஷன் பொண்டாட்டியாத்தான் இருக்கணுமா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. ஒரே வீட்ல இருக்கிற பெரியவங்க யார் வேணா சேரலாம். அம்மாவும் பொண்ணும் இருக்காங்க, அண்ணன் தம்பி இருக்காங்க."

"அப்ப என் பேரும் மருமக பேரும் போட்டா?"

அவள் அவரைப் பார்த்தாள். "நீங்க ஊர்லதானே இருக்கீங்க மாமா?"

"ஊர்ல இல்லைம்மா. வீட்டுக்காரர் இடிச்சுக் கட்டப் போறார். காலி பண்ணிட்டேன். பெட்டி ரெண்டும் பஸ் நிலையத்துல லக்கேஜ் ரூம்ல கிடக்கு." மகன் பக்கம் கையைக் காட்டினார். "ரெண்டு நாளா இவன்கிட்ட சொல்லணும்னு இருக்கேன். இவன் வீட்டைப் பாத்ததும் சொல்ல மனசு வரலை. அடுப்பு மேல டூல்ஸ் வச்சிருக்கான். அது மனுஷன் இருக்கிற இடம் இல்லை, ஒர்க்‌ஷாப்."

அப்பா பெட்டியோடு வந்திருக்கிறார் என்பதே கணவனுக்கு இப்போதுதான் தெரிகிறது.

"உன் வீட்ல இடம் குடுன்னு நான் இப்படி கவுண்டர்ல நின்னு கேக்கறது சரியில்லைதான்," என்றார் மாமனார். "உனக்கு முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடும்மா. நான் மனசுல வச்சுக்க மாட்டேன். வயசானவங்க விடுதி ஒண்ணு விசாரிச்சு வச்சிருக்கேன். அட்வான்ஸ் மட்டும் இன்னும் குடுக்கலை."

அவள் வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இஸ்திரி மேஜையும் காலிப் பெட்டிகளும் கிடக்கிற ஒரு சின்னப் பின்னறை. சாயங்காலம் வந்து செருப்பை உதறிவிட்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் தரையில் அரை மணி நேரம் படுத்திருப்பாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. வெளியில் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் மிகவும் பிடித்திருந்தது. அதை விட வேண்டும்.

இன்னொரு பக்கம், 'நான் என்ன வழிப்போக்கனா?' என்று கேட்ட குரல் இன்னும் காதில் இருந்தது.

"மூணு மாசம் இருந்து பாப்போம் மாமா," என்றாள். "ரெண்டு பேருக்கும் ஒத்துவரலைன்னா வாயைத் திறந்து சொல்லிடணும். நீங்களும், நானும்."

"சொல்லாம முழுங்கற வியாதி எங்க வீட்ல இருக்குதான்," என்றார் அவர். "ஆனா அது இவங்கம்மா பக்கத்துலேர்ந்து வந்தது. எனக்குக் கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணும்மா. நான் அங்க இருந்தா இவன் என்னைப் பாக்க வருவான். அதை யோசிச்சியா?"

அவள் அதை யோசிக்கவில்லை. கணவன் சாவிப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பாவைப் பாக்க வர்றவரை வேணாம்னு சொல்ல முடியுமா மாமா," என்றாள்.

லாபம் பெரியவரின் வயதைக் கேட்டான். அறுபது தாண்டியவர்களுக்குச் சந்தாவில் இன்னும் கொஞ்சம் கழிவு என்று கண்டுபிடித்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, போன வருஷத்தைவிடவே லாபம்," என்றான். பணத்தை அவள்தான் கட்டினாள். மாமனார் பர்ஸை எடுத்தார். பார்வையாலேயே அதைத் திரும்ப உள்ளே போகச் செய்தாள்.

"சாருக்குத் தனி அட்டையா? சனி ஞாயிறும் சேர்த்துன்னா இவ்வளவு வரும். வார நாள் மட்டும்னா அதுல பாதி கூட இல்லை."

"வார நாள் போதும்," என்றான் கணவன்.

"அப்ப சனிக்கிழமை வர முடியாதே சார்?"

"பரவாயில்லை."

"செவ்வாய்க்கிழமை கூட்டமே இருக்காது சார். இன்னைக்குப் பாத்தீங்கல்ல," என்றான் லாபம் உதவியாக.

அவள் குனிந்து கைப்பையின் ஜிப்பை மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

---

மாமனாரை ஆட்டோவில் தன்னோடு அழைத்துக்கொண்டு போனாள். பெட்டிகளை எடுத்துவர ரசீதோடு கணவன் பஸ் நிலையத்துக்குப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பின்னறையைக் காலி செய்தாள். இஸ்திரி மேஜை ஹாலுக்கு வந்தது. காலிப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. ஜன்னலைத் திறந்தபோது மாதக்கணக்கான தூசி உள்ளே கொட்டியது. மாமனார் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "பஸ்ஸை ஷெட்டுல விடறதுக்கு முன்னாடி நானேதான் கண்ணாடி துடைப்பேன். கிளீனர் துடைச்சா எனக்குத் திருப்தி வராது," என்றார்.

"கண்ணாடி துடைக்கிறதுல நானும் அப்படித்தான் மாமா," என்றாள்.

எங்கே என்ன இருக்கிறது, கீசர் எப்படிப் போடுவது, காலையில் தண்ணீர் எப்போது வரும் என்று காட்டிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று குளியலறைக்குள் போனார்.

மாடிப்படியில் கனமான காலடி கேட்டது. ஒரு படி, ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு படி.

கதவைத் திறந்தாள். கணவன் இரண்டு பெட்டிகளையும் வாசலில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தான். வேர்த்துக் கொட்டியது. இந்த வீட்டை அவன் பார்த்ததே இல்லை. உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை.

"எங்க வைக்கணும்?" என்றான்.

"பின் ரூம்ல."

அவன் ஒரு பெட்டியின் பிடியில் கையை வைத்தான். எடுக்கவில்லை. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் அவள் செருப்பும் அவன் அப்பாவின் செருப்பும் அருகருகே கிடந்தன. அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நான் செருப்பைக் கழட்டட்டுமா?" என்று கேட்டான். "இல்ல, பெட்டியை இங்கேயே வச்சிட்டுக் கிளம்பட்டுமா?"

உள்ளே குளியலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் சட்டென்று நின்றது. பெரியவரும் அவள் பதிலைக் கேட்கத்தான் காத்திருந்தார்.